மைனஸ் 2 கோலோடு மேலே ஏறின ஹடர்ஸ்ஃபீல்டு: 2016–17 சீசன்ல இருந்து நம்ம பக்கத்து டீமுக்கு எடுக்க என்ன இருக்கு?

பாறை பத்தாம் நம்பர் (கொழிஞ்சாம்பாறை)

எல்லாருக்கும் வணக்கம். கார்த்திகை பிறந்தாலே நம்ம பாலக்காட்டுப் பக்கம் ஃபுட்பால் டீம் போடற பேச்சு ஆரம்பிச்சிரும். "காசு இருக்கற கிளப்புதான் மேல வரும், நாமெல்லாம் ஒப்புக்கு ஆடறதுதான்"னு ஒரு பேச்சும் கூடவே வரும். அதுக்காகத்தான் இந்த இழை.

ஹடர்ஸ்ஃபீல்டு டவுன். இங்கிலாந்துல யார்க்‌ஷயர் பக்கம், நெசவு மில்லுக்குப் பேர் போன ஊரு. 1924, 25, 26ன்னு தொடர்ந்து மூணு தடவை இங்கிலாந்து சாம்பியன் ஆன முதல் கிளப். ஆனா 1972ல முதல் டிவிஷன்ல இருந்து இறங்கினது, அதுக்கப்புறம் 45 வருஷம் மேல வரவே இல்ல. 2015 நவம்பர்ல டேவிட் வாக்னர் கோச்சா வந்தாரு. ஜெர்மனியில டோர்ட்முண்டு கிளப்போட ரிசர்வ் டீமைப் பாத்துக்கிட்டு இருந்தவர், அங்க கோச்சா இருந்த யூர்கன் க்ளாப்புக்கு நெருங்கின கூட்டாளி. அந்த சீசன் முடியும்போது ரெண்டாம் டிவிஷன்ல 19ஆவது இடம். அடுத்த சீசன்ல இவங்க மேல வருவாங்கன்னு சொல்ல ஆளே இல்ல.

அடுத்த சீசன் 46 ஆட்டத்துல 25 வெற்றி, 6 டிரா, 15 தோல்வி, 81 புள்ளி, அஞ்சாவது இடம். அடிச்சது 56, வாங்கினது 58. மைனஸ் 2! அப்ப முதல் ரெண்டு டீம் நேரா பிரீமியர் லீக் (முதல் டிவிஷன்) போயிரும். மூணுல இருந்து ஆறு வரைக்கும் பிளேஆஃப், அதுல ஒண்ணுதான் மேல போகும். செமியில ஷெஃபீல்டு வென்ஸ்டே, ஃபைனல்ல ரெடிங். ரெண்டையும் பெனால்டி ஷூட்அவுட்ல ஜெயிச்சாங்க. 2017 மே 29, வெம்ப்ளி.

இதுல எது அதிர்ஷ்டம், எது வேலை? நம்ம கிரவுண்டுக்கு எது ஒத்து வரும்? விவரம் தெரிஞ்சவங்க பேசுங்க.

வாளையார் விங்

அதிர்ஷ்டம்தான் அண்ணா. பிளேஆஃப் மூணு ஆட்டத்தை எடுத்துப் பாருங்க. செமி முதல் ஆட்டம் 0-0. ரெண்டாவது 1-1, அந்த ஒரு கோலும் வென்ஸ்டே டீம்ல டாம் லீஸ் கால் பட்டு உள்ள போன சேம் சைடு கோல். ஃபைனல் எக்ஸ்ட்ரா டைம் வரைக்கும் 0-0. ஆக, பிளேஆஃப்ல ஹடர்ஸ்ஃபீல்டு ஆள் ஒருத்தர் பேர்ல கூட ஷூட்அவுட்டுக்கு வெளிய ஒரு கோல் கிடையாது. மூணாவது வந்த ரெடிங் 85 புள்ளி, இவங்களைவிட நாலு கூட. இதைத் திட்டம்னு எப்படிச் சொல்றது?

வேலந்தாவளம் வாத்தியார்

தம்பி, 46 ஆட்டத்தில் 81 புள்ளி அதிர்ஷ்டத்தில் வராது. முதலில் அந்த மைனஸ் 2-ஐப் பிரித்துப் பார்ப்போம்.

அந்த சீசனில் பெரிதாக அடி வாங்கியது நான்கு ஆட்டங்களில். அக்டோபரில் ஃபுல்ஹாம் ஊரில் 0-5. மார்ச்சில் பிரிஸ்டல் சிட்டியிடம் 0-4. ஏப்ரலில் சொந்த ஊரில் மறுபடி ஃபுல்ஹாமிடம் 1-4. கடைசி நாள் கார்டிஃபிடம் 0-3. நான்கையும் கூட்டினால் அடித்தது 1, வாங்கியது 16. அதை எடுத்துவிட்டால் மீதி 42 ஆட்டத்தில் அடித்தது 55, வாங்கியது 42. அதாவது பிளஸ் 13.

0-1 என்று தோற்றாலும் 0-5 என்று தோற்றாலும் கை நழுவுவது அதே மூன்று புள்ளிதான். 25 வெற்றிகளில் பெரும்பாலானவை ஒரே கோல் வித்தியாசம். ஒரு கோல் முன்னால் இருந்தால் ஆட்டத்தை மூடத் தெரிந்த அணி அது. பின்னால் விழுந்தால் ஆளை மேலே ஏற்றி, முதுகைத் திறந்து போட்டு ஆடியது. பெரிய தோல்விகள் வந்த வழி அது என்பது என் கணிப்பு.

ரெடிங்கை மட்டும் சொன்னீர்கள். அவர்களும் ஒன்றும் தூக்கி அடித்த அணி இல்லை, அவர்களுடைய வித்தியாசம் பிளஸ் 4 மட்டுமே. ஆறாவது வந்த ஃபுல்ஹாம் ஹடர்ஸ்ஃபீல்டை இரண்டு ஆட்டத்தில் 9-1 என்று அடித்தும் 80 புள்ளிதான், ஒரு புள்ளி பின்னால்.

சித்தூர் ஸ்டாப்பர்

வாத்தியார் கணக்கு சரி. ஆட்டம் எப்படி இருந்துச்சுன்னு நான் சொல்றேன்.

4-2-3-1 (பின்னால நாலு, அப்புறம் ரெண்டு, மூணு, மேல ஒண்ணு). நடுவுல ஆரோன் மூயும் ஜோனத்தன் ஹாக்கும். ஹாக் பந்தைப் பிடுங்கறவர், மூய் அதை வாங்கி முன்னால திருப்பறவர். மேல ஒத்தை ஃபார்வர்டா நாகி வெல்ஸ், சைடுல கச்சுங்கா, வான் லா பாரா. ரெண்டு சைடு பேக்கும் (லோவே, டாமி ஸ்மித்) ஹாஃப் லைனுக்கு மேல ஏறி நிப்பாங்க. பந்து போயிட்டா திரும்பி ஓடறது கிடையாது, போன இடத்துலயே வளைச்சுப் பிடிக்கறது, அதான் பிரஸ்ஸிங். டோர்ட்முண்டுல இருந்து கொண்டு வந்த பழக்கம் அது.

நம்ம டீம்கள் இதைப் பார்த்துட்டு செய்யும்போது எங்க கெடுதுன்னா, முதல் ஆள் மட்டும் பாய்வான், மத்தவன் நின்னு வேடிக்கை பாப்பான். எதிராளி ஒரே பாஸ்ல அவனைத் தாண்டிட்டா நம்ம நடு காலி. மூணு பேரு சேர்ந்து நகரணும். முதல் ஆள் பந்துக்கு, ஆனா நேரா இல்ல, உள்பக்கம் அடைச்சு லைன் பக்கம் தள்ளற மாதிரி வளைஞ்சு ஓடணும். ரெண்டாவது ஆள் கிட்ட இருக்கற பாஸ் வழியை அடைக்கணும். மூணாவது ஆள் பின்பாஸுக்குக் காத்து நிக்கணும். பின்னால இருக்கற லைன் அதே நேரம் மேல ஏறணும், முன் ஆளுக்கும் கடைசி பேக்குக்கும் நடுவுல 30, 35 மீட்டருக்கு மேல போகக்கூடாது. அஞ்சாறு செகண்டுல பந்து கிடைக்கலையா, விட்டுட்டு எல்லாரும் இடத்துக்குப் போயிரணும். ஏழாவது செகண்டுல ஓடறவன்தான் கோல் வாங்கிக் குடுப்பான்.

எப்பப் பாயணும்? எதிராளி பின்பாஸ் போடறப்ப. நம்ம கோலுக்கு முதுகு காட்டி பந்தை வாங்கறப்ப. முதல் டச் காலை விட்டு விலகறப்ப. லைன் ஓரத்துல மாட்டறப்ப. இந்த நாலைத் தவிர மத்த நேரம் நில்லுங்க.

பயிற்சி: 15க்கு 15 மீட்டர்ல ரெண்டு கட்டம், ஒட்டின மாதிரி. கட்டத்துக்கு நாலு பேர். ஒரு கட்டத்துல நாலு பேர் பந்தை வெச்சு ஆடுவாங்க, பக்கத்துக் கட்டத்துல இருந்து ரெண்டு பேர் வந்து பிடுங்கணும். பிடுங்கின உடனே தன் கட்டத்துல காத்திருக்கற ரெண்டு பேருக்குப் பந்தை அனுப்பிட்டு அங்க ஓடணும். இப்பப் பந்தை விட்டவங்கள்ல ரெண்டு பேர் துரத்திட்டுப் போகணும். ஆறு பாஸ் தொடர்ந்து போட்டா ஒரு பாயிண்ட். மூணு நிமிஷம் ஆட்டம், ஒண்ணரை நிமிஷம் ஓய்வு, நாலு தடவை. இதுல எப்பவும் நடக்கற தப்பு, பிடுங்கினவன் சந்தோஷத்துல பந்தைத் தனியா உருட்டிட்டு ஓடி அங்கயே பறி குடுக்கறது. முதல் டச் கட்டத்தை விட்டு வெளிய போற பாஸா இருக்கணும்னு சட்டமே போடுங்க.

கோவிந்தாபுரம் கோலி

ஸ்டாப்பர் அண்ணா, நீங்க சொல்றது பதினொண்ணு ஆட்டத்துக்கு. செவன்ஸ்ல (ஏழு பேர் ஆட்டம்) ஆஃப்சைடு இல்லியே? லைனை மேல ஏத்தினா எதிராளி ஃபார்வர்டு நம்ம கோல்கிட்டயே நின்னுக்குவான்.

சித்தூர் ஸ்டாப்பர்

நல்ல கேள்வி. செவன்ஸ்ல கோலியை (கோல்கீப்பர்) தவிர ஆறு பேர். நாலு பேர் பிரஸ், ரெண்டு பேர் பின்னால. அந்த ரெண்டுல ஒருத்தன் எதிராளி ஃபார்வர்டுக்குக் கை எட்டற தூரத்துல, இன்னொருத்தன் அவனுக்குப் பின்னால சரிஞ்சு நிக்கணும். கோலி அடிச்சு விடற லாங் பந்துக்குத் தலை குடுக்கறது முதல் ஆள், சிதறினதைப் பொறுக்கறது ரெண்டாவது ஆள். பிரஸ் நேரத்தையும் மூணு நாலு செகண்டாக் குறைச்சுக்கணும். கிரவுண்டு சின்னது, ஒரே அடியில பந்து இந்தக் கோல்ல இருந்து அந்தக் கோலுக்குப் போயிரும்.

வாளையார் விங்

சரி, ஆனா பாலக்காட்டு வெயிலுக்கு? யார்க்‌ஷயர் குளிர்ல 90 நிமிஷம் ஓடலாம். மாசி, பங்குனியில இங்க நாலு மணிக்கே தரை கொதிக்குது.

மீனாட்சிபுரம் விசில்

ரெஃப்ரி பக்கம் இருந்து சொல்கிறேன். வெறும் தெர்மாமீட்டர் அளவு போதாது. வெப்பம், ஈரப்பதம், நேர் வெயில் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் அளவு 32 டிகிரியைத் தாண்டினால் ஒவ்வொரு பாதியிலும் ஒரு தடவை, சுமார் 30ஆவது நிமிடத்திலும் 75ஆவது நிமிடத்திலும், மூன்று நிமிடம் ஆட்டத்தை நிறுத்தித் தண்ணீர் கொடுப்பது ஃபிஃபா நடைமுறை. நம் டோர்னமெண்டில் கமிட்டியும் இரண்டு கேப்டன்களும் ஆட்டத்துக்கு முன்பே பேசி ஒத்துக்கொண்டால் சண்டை வராது. பாதியில் கேட்டால், ஜெயித்துக்கொண்டிருக்கும் டீம் நேரம் கடத்துகிறது என்று கூட்டம் கத்தும்.

குடிப்பதற்குச் சோடா, கலர் வேண்டாம். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் குமட்டும், அதனால் கண்ணளவு போடாதீர்கள். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரும் நல்லதுதான், ஆனால் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே. இடைவேளையில் கொடுத்தால் வயிறு பிடிக்கும்.

வேலந்தாவளம் வாத்தியார்

வெயிலைவிட நம் ஊரில் ஆட்டத்தை மாற்றுவது காற்று. வாளையாருக்கு வடக்கே ஒரு மலை, தெற்கே ஒரு மலை, நடுவில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் திறப்பு. மார்கழி, தையில் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து அந்த வழியாகக் கிழக்குக் காற்று வீசினால் சித்தூர், கொழிஞ்சாம்பாறை கிரவுண்டுகளில் மேலே போன பந்து சொன்ன இடத்தில் விழாது.

இங்கேதான் பிரஸ்ஸிங் உண்மையில் பயன்படும். காற்று நம் முதுகில் இருக்கும் பாதியில் எதிராளி கோலி தூக்கி அடித்தால் பந்து பாதி வழியில் தொங்கி அவன் பாதியிலேயே விழும். அந்தப் பாதியில் மிட்ஃபீல்டை பத்து மீட்டர் முன்னே ஏற்றி வையுங்கள், விழும் பந்து எல்லாம் நமக்கே. காற்று முகத்தில் அடிக்கும் பாதியில் கோல்கிக்கைத் தூக்கி அடிக்கவே கூடாது. 2019க்குப் பிறகு கோல்கிக்கைப் பெனால்டி பாக்ஸுக்குள்ளேயே நம் ஆள் வாங்கலாம் என்று விதி மாறிவிட்டது. அதைப் பயன்படுத்தி, தரையோடு ஆடி வெளியே வரப் பழக வேண்டும்.

டாஸ் ஜெயித்தால் பக்கத்தை எடுங்கள். பிரஸ் பண்ணும் டீம் என்றால் முதல் பாதியில் காற்று முதுகில் இருப்பது நல்லது என்பேன். கால் புதிதாக இருக்கும்போதே கோல் எடுத்துவிட்டு, இரண்டாம் பாதியில் பந்தைத் தரையில் வைத்து மூடலாம்.

சித்தூர் ஸ்டாப்பர்

வாத்தியாரே, இதுல எனக்கு ஒப்பில்ல. சாயங்காலம் அஞ்சரைக்கு மேல காத்து பல நாள் தணிஞ்சிரும். ஆட்டம் நாலரைக்கு ஆரம்பிச்சா உங்க கணக்கு சரி. லைட் போட்டு ராத்திரி ஆட்டம்னா காத்தைப் பாக்காதீங்க, எந்தப் பக்கம் லைட் கோலி கண்ணுல அடிக்குதுன்னு பாருங்க.

பாறை பத்தாம் நம்பர்

ரெண்டும் குறிச்சுக்கிட்டேன். அடுத்து ஆள் எடுத்த விதம். அந்த சீசன்ல வாக்னர் செஞ்சதுல பெரிய வேலை அதுதான்னு எனக்குத் தோணுது.

ஜெர்மன் கீழ் டிவிஷன்கள்ல ஆடிட்டு இருந்த, இங்கிலாந்துல பேர் தெரியாத ஆட்களா எடுத்தாரு. லோவே கைசர்ஸ்லாட்டர்ன்ல இருந்தும், ஹெஃபெலே டிரெஸ்டன்ல இருந்தும் காசில்லாம வந்தாங்க. 1860 மியூனிக்ல இருந்து வந்த ஷிண்ட்லருக்கு 18 லட்சம் பவுண்டு, அன்னிக்கு அந்தக் கிளப் குடுத்ததுல அதுதான் பெரிய தொகை. மத்தது லோன், அதாவது வேற கிளப் ஆளைக் கொஞ்ச நாளைக்கு இரவல் வாங்கறது. மூய் மான்செஸ்டர் சிட்டியில இருந்து, கோலி டேனி வார்ட் லிவர்பூல்ல இருந்து, கேசி பால்மரும் ஜனவரியில இஸி பிரவுனும் செல்சியில இருந்து. சீசனுக்கு முன்னால எல்லாரையும் ஸ்வீடன்ல ஒரு காட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, கரண்டும் போனும் இல்லாம, துடுப்புப் போட்டு, தானா சமைச்சு இருக்க வெச்சாரு. பாஷை தெரியாத ஆட்கள் ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டுப் பழகினது அங்கதான்.

நம்ம செவன்ஸ்ல கெஸ்ட் ஆள் எடுக்கறது வேற மாதிரி. ஃபைனலுக்கு முந்தின நாள் ராத்திரி பேரைப் பாத்து ஒரு ஃபார்வர்டை இறக்கறோம். அவன் பந்துக்கு நிப்பான், பிரஸ்ஸுக்கு நகர மாட்டான். ஆறு பேர்ல ஒருத்தன் நின்னா மீதி அஞ்சு பேர் ஓடறது வீண். கெஸ்ட் எடுக்கறதா இருந்தா நடு ஹாஃப் எடுங்க, அதுவும் ரெண்டு பிராக்டீஸாவது சேர்ந்து ஆட வர்றவரை.

வாளையார் விங்

இதை ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு மட்டும் இன்னும் மனசை உறுத்துது. ஏப்ரல் 25 உல்வ்ஸை 1-0 ஜெயிச்சு பிளேஆஃப் உறுதியான உடனே, 29ஆம் தேதி பர்மிங்காம் ஆட்டத்துக்குப் பத்துப் பேரை மாத்தினாங்க. 0-2 தோல்வி. பர்மிங்காம் அப்ப இறங்கற நிலைமையில இருந்த டீம். கடைசியில அது 53 புள்ளியோட தப்பிச்சுது, பிளாக்பர்ன் 51 புள்ளியோட கோல் வித்தியாசத்துல இறங்கிச்சு. அந்த ஆட்டத்துல பர்மிங்காம் தோத்திருந்தா 50 தானே? பிளாக்பர்ன் ஆட்களுக்கு இது எப்படி இருக்கும்?

மீனாட்சிபுரம் விசில்

வேதனையாகத்தான் இருக்கும், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் பதிவு செய்த வீரர்களில் யாரை இறக்குவது என்பது கோச்சின் உரிமை. பிரிஸ்டலில் நடந்த ஆட்டத்தில் ஹாக்குக்குக் கழுத்தில் பலமான அடி, பல வாரம் ஆடவில்லை. உல்வ்ஸ் ஆட்டத்துக்கும் இதற்கும் நடுவில் நான்கே நாள். இரண்டு வாரத்தில் செமி. பிரஸ்ஸிங் ஆடும் அணியில் தொடைத்தசை ஒன்று போனால் சீசனே போகும்.

தவறு என்று நான் நினைப்பது வேறு. கடைசி நாள் சொந்த ஊரில் கார்டிஃபிடம் 0-3 வாங்கியதில் நான்காவது இடம் போனது. வென்ஸ்டேயும் 81 புள்ளிதான், கோல் வித்தியாசத்தில் மேலே. அதனால் செமியின் இரண்டாவது ஆட்டம் எதிராளி ஊரில் ஆட வேண்டி வந்தது.

கோவிந்தாபுரம் கோலி

இப்ப பெனால்டிக்கு வருவோம். வாளையார் தம்பி அதிர்ஷ்டம்னு சொன்னதுக்கு என் பதில் இங்கதான். ரெண்டு வாரத்துல ரெண்டு ஷூட்அவுட், ரெண்டும் 4-3. செமியில சாம் ஹட்சின்சன், ஃபொரெஸ்டியேரி ரெண்டு பேர் அடியையும் வார்ட் தடுத்தாரு. ஃபைனல்ல ஹெஃபெலே அடிச்சதை ரெடிங் கோலி அலி அல் ஹப்ஸி பிடிச்சுட்டாரு. அப்புறம் லியாம் மூர் பாருக்கு மேல அடிச்சாரு, ஒபிடா அடியை வார்ட் தட்டி விட்டாரு. கடைசி அடி ஷிண்ட்லர், ஒரு ஸ்டாப்பர் பேக். 120 நிமிஷம் ஆடின கால்.

பயிற்சி முடிஞ்சு சிரிச்சுப் பேசிட்டு ஆளுக்கு அஞ்சு பெனால்டி அடிச்சா அது பயிற்சி ஆகாது. முதல்ல ஆளைக் களைக்க வைங்க. கிரவுண்டு அகலத்துக்கு ஆறு ஸ்பிரிண்ட் ஓடிட்டு, நடு வட்டத்துல எல்லாரும் நின்னு, ஒருத்தர் ஒருத்தரா 40 மீட்டருக்கு மேல தனியா நடந்து வந்து, ஒரே ஒரு அடி. ரெண்டாவது அடி கிடையாது. அந்த நடைதான் கஷ்டம், 11 மீட்டர் இல்ல.

அடிக்கறவன் நடந்து வரும்போதே இடத்தை முடிவு பண்ணணும், பந்தை வெச்சதுக்கு அப்புறம் மாத்தக் கூடாது. வெளிய போற அடிகள்ல நிறைய கடைசி ரெண்டு அடி ஓட்டத்துல மனசு மாத்தினது. காஞ்ச தரையில ஊனற கால் வழுக்கும், அந்த இடத்தைக் காலால தட்டிச் சமமாக்கிட்டு அடிங்க. வரிசையை முன்னாடியே எழுதி வைங்க, அஞ்சு பேர் மட்டுமில்ல, கோலி வரைக்கும். செவன்ஸ்ல ஏழாவது ஆள் நீங்களாத்தான் இருப்பீங்க.

கோலிக்கு: அடிக்கற நேரத்துல ஒரு காலோட ஒரு பாகமாவது லைன் மேல, இல்லாட்டி லைனுக்கு நேரா, இல்லாட்டி பின்னால இருக்கணும். முன்னால தாவிப் பந்தைத் தடுத்தா திரும்ப அடிக்க விடுவாங்க. எதிராளி டீம்ல யாரு எந்தப் பக்கம் அடிப்பான்னு லீக் ஆட்டத்துலயே குறிச்சு, தண்ணி பாட்டில்ல ஒட்டிக்கங்க. வலது கால் ஆள் பயத்துல இருந்தா தனக்குச் சுலபமான இடப்பக்கம், அதாவது கோலிக்கு வலப்பக்கம், இழுத்து அடிக்கறதுதான் ஜாஸ்தி. ஊனற கால் பாதம் எங்க பாக்குதோ அங்க பாயுங்க, அதுக்கு முன்னாடி அசையாதீங்க.

வேலந்தாவளம் வாத்தியார்

கோலி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஒரே மாதிரி ஆடித்தான் ஜெயிக்க வேண்டும் என்பதில்லை. நமக்குப் பக்கத்தில் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் ஆடிய சென்னை சிட்டி 2018–19 ஐ-லீக்கை ஜெயித்தது நேர் எதிர் வழியில். ஸ்பெயினிலிருந்து வந்த ஆட்களைக் கொண்டு பந்தை வைத்திருந்து கோல் குவித்தது. பெட்ரோ மான்ஸி மட்டும் 21 கோல். கடைசி நாள் மினர்வா பஞ்சாபிடம் முதலில் ஒரு கோல் வாங்கி, பிறகு 3-1 ஜெயித்து 43 புள்ளி. ஈஸ்ட் பெங்கால் அதே நேரம் கோழிக்கோட்டில் கோகுலத்தை ஜெயித்தும் 42. ஆனாலும் ஐஎஸ்எல்லுக்கு (இந்தியன் சூப்பர் லீக்) ஏறும் வழி அப்போது கிடையாது. அந்த வழி 2022–23 சாம்பியன் பஞ்சாப் அணிக்குத்தான் முதலில் திறந்தது. ஹடர்ஸ்ஃபீல்டுக்குக் கிடைத்தது சென்னை சிட்டிக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

வாளையார் விங்

மேல போன ஹடர்ஸ்ஃபீல்டு என்ன ஆச்சு வாத்தியாரே?

வேலந்தாவளம் வாத்தியார்

முதல் வருடம் 28 கோல் மட்டும் அடித்து 37 புள்ளியோடு 16ஆவது இடம், தப்பித்தது. அடுத்த வருடம் 16 புள்ளி, கடைசி இடம், இறங்கியது. வாக்னர் 2019 ஜனவரியிலேயே விலகிவிட்டார். கோல் அடிக்கும் ஆள் இல்லாத குறை இரண்டாம் டிவிஷனில் மறைந்திருந்தது, மேலே மறையவில்லை.

பாறை பத்தாம் நம்பர்

கடைசியா ஒரு சந்தேகம். தரை கட்டாந்தரையா இருந்தா தரையோட பாஸ் ஆடறது எப்படி? பந்து குதிச்சுக்கிட்டே போகுது.

சித்தூர் ஸ்டாப்பர்

பந்துல காத்தைக் குறைங்க. விதிப்படி 0.6ல இருந்து 1.1 அட்மாஸ்ஃபியர் வரைக்கும் இருக்கலாம், பம்ப் மீட்டர்ல பாத்தா 8.5ல இருந்து 15.6 psi. நம்ம பக்கம் கல்லு மாதிரி அடிச்சு வெச்சிருப்பாங்க. காஞ்ச தரைக்கு 9 போதும். ஆட்டத்துக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி நடுப்பகுதிக்கும் ரெண்டு பெனால்டி பாக்ஸுக்கும் தண்ணி தெளிங்க, ஆட்டம் தொடங்கற நேரத்துல தெளிச்சா மேல் மண்ணு மட்டும் சேறாகி வழுக்கும். பூட்ஸுக்கு நீளக் கட்டை வேண்டாம், குட்டையா நிறைய ரப்பர் குமிழ் இருக்கறதைப் போடுங்க. நீளக் கட்டை தரையில இறங்காம கணுக்காலை மடக்கிரும்.

பாறை பத்தாம் நம்பர்

சரிங்க அண்ணா. ஞாயித்துக்கிழமை காலையில ஆறரைக்கு ரெண்டு கட்டம் பயிற்சி. கோன் எட்டு இருக்கு. மீட்டர் வெச்ச பம்ப் யாராவது கொண்டு வாங்க.